கியர் சாப்பிடவில்லை, கவிதாப்பா

என் கவிதாப்பாவுக்கு,

அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். கேட்டாலும் "இருக்கேன்லா, என்ன" என்பதைத் தவிர உங்கள் வாயிலிருந்து வேறு பதில் வந்ததே இல்லை. வீட்டுப் பேச்சை ஊர் படிக்கும்படி எழுதுகிறாளே என்று முறைக்காதீர்கள். ஓர் ஆண்டாகச் சுவரோடு பேசிப் பார்த்துவிட்டேன். சுவர் உங்களைவிட மோசம்.

உங்கள் முதல் திதி நல்லபடியாக முடிந்தது. பெம்பானிலிருந்து உங்கள் சித்தப்பா வந்தார். இலையில் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், போனார். கவிதாவும் மாப்பிள்ளையும் பூச்சோங்கிலிருந்து வந்து தங்கிவிட்டுப் போனார்கள். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு பாயா ரும்புட்டில் நம் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வேலைக்குப் போனால் நான் இருந்தேன், நான் பாசாருக்குப் போனால் நீங்கள் இருந்தீர்கள். காலி வீட்டை நீங்கள் எப்போது பார்த்தீர்கள், தெரிவதற்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் உங்கள் கார்.

திதி முடிந்து கிளம்பும்போது கவிதா அந்தக் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு பேச்சு பேசினாள். "அம்மா, இந்தக் கார் ஓடுற வரைக்கும் நீங்க இங்க இருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா கார் படுத்துருச்சுன்னா நீங்க எங்களோட வந்துடணும். பஸ்ஸே வராத தாமான் குடியிருப்புல உங்கள தனியா விட்டுட்டு என்னால ஆபீஸ்ல உக்கார முடியலம்மா" என்றாள். நான் சரி என்றேன். அப்பா மேல் சத்தியமாகச் சொல்லுங்கள் என்றாள். அதையும் செய்தேன். உங்கள் காரின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் பேசியது அதன் காதில் விழுந்துவிட்டதோ என்னவோ. அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டது.

காலையில் கோயிலுக்குக் கிளம்பி, கியரை டி-யில் போட்டேன். போட்ட உடனே வண்டிக்குள் ஒரு சின்ன அசைவு வருமே, நான் தயார் என்கிற மாதிரி, அது வரவில்லை. கார் யோசித்தது. நானும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு "டொக்" என்று ஓர் இடி இடித்து, என் தலை முன்னால் போய் வந்தது, கார் கிளம்பியது. வயசானால் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். நானும் இப்போதெல்லாம் அப்படித்தான் எழுந்திருக்கிறேன்.

அப்புறம் டவுனுக்குப் போகும் சாலையில் அந்தப் பெரிய டிராபிக் லைட். பச்சை விழுந்தது. மிதிக்கிறேன், எஞ்சின் கத்துகிறது, முள் மேலே ஏறுகிறது, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னால் அத்தனை பேரும் ஹார்ன் அடிக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "மாக்சிக், ரோசாக் கெ?" என்று கேட்டார். வண்டி கெட்டுவிட்டதா அம்மா என்று நல்ல மனதோடுதான் கேட்டார். இல்லை இல்லை என்று நான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டும்போது, கார் திடீரென்று பிடித்துக்கொண்டு பாய்ந்தது. டவுனுக்குப் போகாமல் நேரே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கவிதாவிடம் சொல்வேனா? சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் போன் போடுகிறாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் "கார் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறாள். அப்படியே உங்கள் பெண். நல்லா இருக்கு, அதுக்கென்ன என்பேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். உங்கள் கருமாதி முடிந்ததும் ஒரு மாதம் அங்கே போய் இருந்தேனே, அது போதாதா? பதினைந்தாம் மாடி. காலையில் இருவரும் வேலைக்குப் போனால் பொழுது சாயும்வரை லிப்ட் ஏறி இறங்கும் சத்தம்தான் எனக்குத் துணை. அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அவள் எனக்காகச் சிரித்தாள், நான் அவளுக்காகச் சாப்பிட்டேன். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவது எனக்குக் கேட்கும். நான் அழுவது அவளுக்குக் கேட்டதோ, தெரியாது. பேசிக்கொள்ளவே இல்லை.

இங்கேயும் தனிதான். பொய் சொல்லவில்லை. ரொம்பத் தனி. சில நாள் மத்தியானத்தில் என் குரலையே நான் கேட்கவில்லை என்று ஞாபகம் வந்து, வேண்டுமென்றே பூனையைத் திட்டுவேன். ஆனால் தாங்க முடியாமல் போனால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். கோயில், பாசார், எதுவும் இல்லை என்றால் கடற்கரைப் பக்கம் சும்மா ஒரு சுற்று. எங்கும் இறங்கக்கூட மாட்டேன். போய்த் திரும்பி வந்தால் ஏதோ ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

அந்தக் கார் வந்த கதையை நீங்களே மறந்திருப்பீர்கள். கிளச் என்றால் எனக்குக் குலை நடுங்கும். பழகப் போன இடத்தில் மேட்டில் வண்டி பின்னாலேயே போய், சொல்லிக்கொடுத்தவர் சாமி பெயரை எல்லாம் கூப்பிட்டார். நீங்கள் ஒன்றும் பேசாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த உங்கள் வண்டியை விற்றுவிட்டு, யாரோ ஓட்டிப் பழசாக்கிய இந்த ஆட்டோ காரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். உங்கள் அண்ணன்மார்கள் பொம்பளைக் கார் என்று கேலி செய்தார்கள். "பொம்பளைக்குத்தான் வாங்கினேன்" என்றீர்கள். ஐம்பது வயதில் லைசென்ஸ் எடுத்தேன். நான் ஓட்டும்போது நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வீர்கள். கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

மறைத்து மறைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டினேன். நேரான சாலையில் சமத்தாகப் போகும். வளைவில் திரும்பினாலோ, மேடு ஏறினாலோதான் எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. அதனால் ரவுண்டானா இல்லாத பாதை, மேடு இல்லாத பாதை என்று தேடித் தேடிப் போனேன். கோயிலுக்கு இவ்வளவு சுற்று வழி இருக்கிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அங்கே குருக்கள், யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். காருக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் பெயரையே சொன்னேன். எதற்கு என்று சாமிக்குத் தெரியாதா?

கடைசியில் டவுனில் ஒரு போமனிடம் காட்டினேன். கார் மெக்கானிக்குக்கு நம் ஊரில் போமன் என்று யார் பெயர் வைத்தார்களோ. அவர் ஒரு சீனர், மரியாதையான மனிதர். தாமே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, கியர் தா மாக்கான் லா" என்றார்.

கியர் சாப்பிடவில்லையாம். மலாயில் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அது வேறு மாதிரி காதில் விழுந்தது. நீங்கள் போன பிறகு நம் வீட்டில் யார் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், கியர் சாப்பிட?

கியர்பாக்ஸ் முடிந்துவிட்டது, கழற்றிவிட்டு ஹாப்கட் போட வேண்டும் என்றார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற பழைய கார்களிலிருந்து எடுத்த கியர்பாக்ஸ். அதுவும் எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்ல முடியாது, இவ்வளவு வயசான காருக்கு அது தேவையா, நீங்களே யோசியுங்கள் என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. டாக்டர் நம்மிடம் பேசினாரே, அதே குரல்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பூச்சோங்குக்கு எந்தப் புடவைகளை எடுத்துப் போவது? உங்கள் சட்டைகளை என்ன செய்வது? சத்தியம் செய்த வாய் இது. கார் படுத்துவிட்டது என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் சனிக்கிழமையே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவோம் என்று மாப்பிள்ளை ஏற்கனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். போனைக் கையில் எடுத்தேன். எடுத்து, கவிதாவைக் கூப்பிடாமல் உங்கள் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"பெம்பான்ல கியர்பாக்ஸ் மட்டுமே பாக்குற ஒரு பையன் இருக்கான்மா, தேவராஜ். எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. கொண்டாந்து காட்டு. செத்ததுன்னு சொன்னா சொல்லிட்டுப் போறான், உனக்கு என்ன நட்டம்?" என்றார்.

பெம்பானுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். இடப்பக்க ஓரமாக, நாலு விளக்கையும் மின்னவிட்டுக்கொண்டு, செம்பனை லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போக, ஊர்ந்துகொண்டே போனேன். ஒரு மேட்டில் பாதியில் நின்றுவிட்டது. "ஏறிடுடா ராசா, ஏறிடு" என்று டாஷ்போர்டைத் தடவிக் கொடுத்தேன். கவிதாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடித்து, ஏறியது.

பையன் என்று சித்தப்பா சொன்ன தேவராஜுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சளி பிடித்து மூக்கு சிவந்து, கழுத்தில் துண்டோடு, ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வளைவில் இழுக்கவில்லை, மேட்டில் இழுக்கவில்லை, காலையில் யோசிக்கிறது, இடிக்கிறது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முகத்தைப் பார்த்தால் டவுன் போமன் சொன்னதைத்தான் இவரும் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. கடமைக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"எண்ணெய் பாத்தீங்களாக்கா?"

"பாக்காம வருவேனா தம்பி? பாதி இருக்கு."

பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "பாதியா? பாதியோட எத்தனை நாளாக்கா ஓட்டுறீங்க?"

"நான் எப்பவும் பாதிக்குக் கீழ விடமாட்டேன். முள்ளு பாதிக்கு வந்தாலே ஊத்திடுவேன். போன வாரம்கூட ஸ்டேஷன்ல நின்னு ஊத்தினேனே."

"எந்த ஸ்டேஷன்லக்கா கியர் எண்ணெய் ஊத்துறான்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கத் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. என்ன செய்வது, நம் ஊரில் பெட்ரோலுக்கும் எண்ணெய்தான் பெயர், தோசைக்கு ஊற்றுவதும் எண்ணெய்தான், தலைக்கு வைப்பதும் எண்ணெய்தான். எஞ்சினுக்கு ஊற்றுவது கறுப்பு எண்ணெய், அதை சர்வீஸ் நாளில் மாற்றுவார்கள் என்று தெரியும். கியருக்குத் தனியாக ஒரு எண்ணெய், அதைப் பார்க்கத் தனியாக ஒரு கம்பி இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீங்கள் சொன்னீர்கள். அங்கே நின்று சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. நீங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம். மூக்கில் குழாய். இரண்டு சொல் பேசினால் மூன்றாவதற்கு மூச்சு இல்லை. நான் வந்து உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்து, "எண்ணெய்... பாத்தியா?" என்றீர்கள். பார்த்தேங்க, பாதி இருக்கு என்றேன். உங்கள் கண் பெரிதானது. "பாதியா? ஊத்து" என்றீர்கள். மறுநாள் நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள், "ஊத்துனியா?" என்றீர்கள். "ஊத்திட்டேன், ரொம்பி வழியுது, போதுமா?" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான். வரும் வழியில் ஸ்டேஷனில் டாங்கை நிரப்பிவிட்டுத்தான் வந்திருந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அன்று நன்றாகத் தூங்கினீர்கள்.

அப்போது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா? இருக்கிற நாலு வார்த்தையில் ராணி எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே, போகிற நேரத்திலும் இந்த மனிதருக்குக் கார்தான் பெரிதா என்று நினைத்தேன். ஓர் ஆண்டாக அந்த வருத்தம் எனக்குள் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பெம்பானில், டயர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இவள் தனியாக ஓட்டப்போகிறாள், நடுச்சாலையில் நின்றுவிட்டால் என்ன செய்வாள் என்பதுதானே உங்கள் பயம்? நீங்கள் என்னைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். வேறு எதைப் பற்றியும் கேட்கவே இல்லை.

தேவராஜ் எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றி நிறுத்தி, மறுபடி பி-யில் வைத்துவிட்டு, முன்பக்கம் உள்ளே கையை விட்டு ஒரு மெல்லிய கம்பியை உருவினார். இந்தக் கம்பியை எஞ்சின் சூடாக ஓடும்போதுதான் பார்க்க வேண்டுமாம். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம். குறிக்கோடு இருக்கும் இடம் வறண்டு கிடந்தது.

"வளைவுல, மேட்டுல ஏன் இழுக்கலன்னு தெரியுதாக்கா? இருக்குற கொஞ்ச எண்ணெயும் ஒரு பக்கமா ஓடிடுது. உள்ள பம்ப் வெறுங்காத்தைத்தான் உறிஞ்சுது." சொல்லிவிட்டுக் கம்பியை மூக்கருகே கொண்டுபோனார். உறிஞ்சினார், உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு ஒரு வாடையும் தெரியல. சளி. நீங்க மோந்து பாருங்க. கருகின வாடை வந்துச்சுன்னா உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சு எரிஞ்சு போச்சு, அப்புறம் எண்ணெய் ஊத்தியும் பிரயோசனம் இல்ல. வரலைன்னா பொழச்சோம்."

கம்பியை என் கையில் கொடுத்தார். நம் வீடு அந்த நுனியில் இருந்தது. எனக்கு முதலில் மோந்து பார்க்கவே தைரியம் வரவில்லை. கருகியிருந்தால் இவரிடம் பொய் சொல்லிவிடுவேனோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன். பழைய எண்ணெய், உலோக வாடை, கொஞ்சம் புழுதி. மீன் பொரித்த எண்ணெயை மறந்துபோய் அடுப்பில் விட்டால் ஒரு காந்தல் வருமே, மூக்கின் உள்ளே போய்க் குத்துமே, அது இல்லை. மறுபடி மோந்தேன்.

"கருகல தம்பி."

"நெசமாவாக்கா? நல்லா பாத்துச் சொல்லுங்க."

"இத்தனை வருஷமா அடுப்புகிட்ட நிக்கிறேன், கருகினது எனக்குத் தெரியாதா? பழசு. ஆனா கருகல."

வண்டியைத் தூக்கிக் கீழே பார்த்தார். கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, இப்போதுதான் நன்றாக வெடித்திருக்கிறது, யாரோ அவ்வப்போது ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள் என்றார். யாரோ! சனிக்கிழமை தோறும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டுக்கொண்டிருப்பீர்களே, அதுவா? சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் நிற்பீர்களே, அதுவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திதிக்குப் பிறகு போர்ச் தரையில் செம்பழுப்பாகக் கறை கறையாக இருந்தது. உங்கள் சித்தப்பாதான் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார் என்று நான் தினமும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, மனதுக்குள் அவரைச் சொல்லாத சொல் இல்லை. அது கார் சொட்டிய கியர் எண்ணெய். பாவம் மனுஷர். மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தேவராஜ் குழாயை மாற்றினார். நீண்ட புனல் வைத்துச் சிவப்பு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கம்பியைப் பார்த்து, மறுபடி ஊற்றினார். ரோஜாப்பூ சர்பத் மாதிரி அவ்வளவு அழகான நிறம், நான் எதிர்பார்க்கவே இல்லை. உள்ளே இருக்கும் பழசை ஒரேயடியாக வடிக்கக்கூடாதாம். "வயசான உடம்பு, அக்கா. ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்துனா தாங்காது. கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க, பாதி வடிச்சுட்டுப் பாதி ஊத்துவோம். அப்புறம் இன்னொரு தடவை" என்றார். இதை யாராவது கவிதாவிடம் எனக்காகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு என்னையே ஓட்டச் சொல்லி அவர் இடப்பக்கம் ஏறிக்கொண்டார். டி-யில் போட்டேன். அந்தச் சின்ன அசைவு வந்தது. காலையில் நின்றுபோன அதே மேட்டுக்குப் போனோம். மிதித்தேன். கத்தவில்லை, இடிக்கவில்லை, இழுத்துக்கொண்டு ஏறியது. உச்சிக்கு வந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதே சந்தோஷத்தில் இடப்பக்கம் திரும்பி, "பாத்தீங்களா!" என்றேன்.

தேவராஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாத்தேன்க்கா, நல்லா ஏறுது" என்றார்.

நல்ல மனிதர். அவர்மேல் என்ன குற்றம்? அவரைக் கடையில் இறக்கிவிட்டு, கொஞ்ச தூரம் வந்து, செம்பனை மர ஓரத்தில் வண்டியை நிறுத்தி அழுதேன். நீங்கள் போன அன்றுகூட வீடு நிறைய ஆட்கள், காபி போட வேண்டியிருந்தது, இப்படி அழ இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் கியரிலிருந்து நாலுக்கு மாறும்போது இன்னும் ஓர் உதறல் இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும், வயசு அப்படி அக்கா என்று தேவராஜ் முன்பே சொல்லிவிட்டார். அந்த உதறலோடு வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் கவிதா கூப்பிட்டாள். "கார் எப்படிம்மா இருக்கு?" இந்தத் தடவை மறைக்க வேண்டியதில்லை. ஜெயித்தவள் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். டிராபிக் லைட், கியர் சாப்பிடாதது, குழாய், மேடு. "இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்டி. நீ வாங்கின சத்தியத்துக்கு வேலையே இல்ல" என்று சிரித்தேன்.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

அழுகிறாள். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. அந்தக் கார் கெட்டுப் போகணும்னு நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்மா. வாரா வாரம் போய் வேண்டிக்கிட்டேன்."

கேட்டீர்களா உங்கள் மகள் செய்த வேலையை? நான் இங்கே வெள்ளிக்கிழமை தவறாமல் கார் ஓட வேண்டும் என்று அர்ச்சனை செய்கிறேன், அவள் அங்கே அது ஓடக்கூடாது என்று தேங்காய் உடைக்கிறாள். சாமி பாவம், யார் பேச்சைக் கேட்கும்? எந்தக் கோயிலில் என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் பக்கத்துல பிள்ளையார் கோயில்லம்மா. அப்பாவைப் பத்திப் பேச எனக்கு இங்க யாருமே இல்ல. உங்க மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனா அவருக்கு அப்பாவை என்ன தெரியும்? கல்யாணத்துக்கப்புறம் பாத்ததுதான். ஆபீஸ்ல யார்கிட்டச் சொல்ல? நீங்க வந்து இங்க இருந்தா பேசலாம்னு நெனச்சேன். உங்களப் பாத்துக்கணும்னு சொன்னதெல்லாம் சும்மாம்மா."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஓர் ஆண்டாக இவள் என்னைக் காவல் காக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து ஒளிந்து ஒளிந்து ஓடியிருக்கிறேன். அவளும் என்னை மாதிரியே சுவரோடு பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் உங்கள் பெயரை இருவரும் எடுக்கவில்லையே. அவள் அழுவாள் என்று நான், நான் அழுவேன் என்று அவள்.

"நான் வர்றேன்" என்றேன்.

"யாரோடம்மா?"

"யாரோட? நானே ஓட்டிக்கிட்டு வர்றேன்."

"ஹைவேலயா? நீங்களா?"

"கார் இருக்கு. எந்த இடத்துல வெளியாகணும்னு மட்டும் சொல்லு."

மூக்கை உறிஞ்சினாள். "வந்து எத்தனை நாள் இருப்பீங்க?"

"அப்பாவைப் பத்திப் பேசி முடிக்கிற வரைக்கும்."

"அது எப்பம்மா முடியும்?"

"முடியலன்னா வீட்டுக்கு வந்துட்டு மறுபடியும் வர்றேன்."

ஹைவேயில் நான் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை என்று உங்களுக்குத் தெரியும். டோல் வருவதற்கு முன்னாலேயே இடம் மாறிக்கொள்வீர்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை உங்களுக்கு வாக்காகக் கொடுக்கிறேன், சத்தியம் இல்லை, சத்தியம் செய்து பட்டது போதும். தேவராஜ் சொன்ன அடுத்த எண்ணெய் மாற்றம் முடிந்ததும், ஒரு சனிக்கிழமை விடிந்து கிளம்புவேன். இடப்பக்கத்திலேயே போவேன், யார் ஹார்ன் அடித்தாலும் அடிக்கட்டும். போனதும் கவிதாவை உட்காரவைத்து முதலில் ஆஸ்பத்திரியில் நீங்கள் எண்ணெய் கேட்ட கதையைச் சொல்வேன். அவளுக்கு அது தெரியாது. சிரிப்பாள், அப்புறம் அழுவாள். இந்தத் தடவை குழாயைத் திறந்துவிட்டு அழ விடமாட்டேன்.

பிறகு திரும்பி வருவேன். கதவைத் திறக்கும்போது உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே திறப்பேன்.

என்றும்,
உங்கள் வீட்டுக்காரி
ராணி